தின்னாத பாதி

உள்ளே வா தம்பி, வா. கதவைச் சாத்திட்டு வா. மலையிலிருந்து இறங்குற இந்தக் காத்து நேரா என் முழங்காலுக்குள்ளதான் வந்து உட்காரும். அட, தாழ்ப்பாளும் போட்டுட்டியா? சரி, நல்லதுதான். இல்லேன்னா படபடன்னு அடிச்சுக்கிட்டே கிடக்கும். வாசல்ல நாய் ஒண்ணு கிடந்திருக்குமே, உன்னைப் பாத்துக் குரைக்கலியா? தூங்குதா? இந்த வேளையில அது தூங்காதே. என்னத்தைத் தின்னுச்சோ, சோம்பேறி நாய்.

உட்காரு. இப்படி ஜன்னல் பக்கம் வாயேன், வெளிச்சம் இருக்கும். கதவோரமே போதுங்கிறியா? உன் இஷ்டம்.

கடுதாசியைக் காட்டு பாப்போம். ம். எழுத்து எனக்குச் சரியா வராது, ஆனா முத்திரை தெரியும். ராஜாங்க முத்திரைதான். துருக்கிக்காரனோட சண்டை போட்டவங்க கதையெல்லாம் சேத்து ஏதென்ஸ்ல புத்தகம் போடுறாங்களா? இப்பத்தான் எங்க ஞாபகம் வந்துச்சாக்கும். பரவாயில்ல, லேட்டா வந்தாலும் என்னைத் தேடி வந்தாங்களே. எழுதிக்க. கேப்டன் லாம்ப்ரோஸ். வெறும் லாம்ப்ரோஸ் இல்ல, நல்லா கேட்டுக்க, கேப்டன் லாம்ப்ரோஸ். லாமியா எல்லைப் படை. பத்து வருஷம் மலையில, இருபது வருஷம் உடுப்புல.

இரு இரு. முதல்ல அந்த ரொட்டியில ஒரு துண்டு பிச்சுக்க. உப்பு அந்தக் கிண்ணத்துல இருக்கு. இந்த வீட்டு வழக்கம் இது, தப்பா நினைக்காத. ஒரு வீட்டு ரொட்டியும் உப்பும் தின்னவன் அந்த வீட்டுக்காரன் மேல கை வைக்க மாட்டான். இது எங்க பக்கம் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். துருக்கிக்காரனே மதிப்பான்.

சிரிக்காத தம்பி, காரணம் இருக்கு. போன அறுவடை சமயத்துல ஒரு ஆட்டுக்காரன் வந்து சொன்னான், ஸ்தாதிஸோட மகன் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கான், உன்னைப் பத்தி விசாரிக்கிறான்னு. ஸ்தாதிஸ் யாருங்கிறதைப் பின்னால சொல்றேன். மகனுக்கு இப்ப இருபத்திமூணு வயசு நடக்கும். பயந்துதான் போனேன், மறைக்க மாட்டேன். அன்னையிலேர்ந்து எவன் வந்தாலும் முதல்ல ரொட்டி, அப்புறந்தான் பேச்சு. உனக்கு என்னமோ முத்திரையைப் பாத்து மனசு இளகிட்டுது. எழுதி முடிச்சுட்டுச் சாப்பிடறேங்கிற. சரி, மைக் கையோட ரொட்டியத் தொட வேண்டாம், நியாயம்தான். ஆனா போறதுக்குள்ள தின்னுடணும், ஆமா.

ஸபீரோ இருந்தா ஒயின் ஊத்திக் குடுப்பா. என் சமையல்காரி. அவளும் ஜார்ஜியார் திருநாளுக்குக் குன்று மேல கோயிலுக்குப் போயிட்டா. ஊரே அங்கதான். கீழே ஒரு ஈ காக்கா கிடையாது. எனக்குத்தான் இந்தக் காலை வச்சுக்கிட்டு ஏற முடியறதில்ல. நல்ல நாளாப் பாத்துத்தான் வந்திருக்க, நிம்மதியாப் பேசலாம்.

என்ன, தாடி இப்படிக் காடா வளந்து கிடக்கு? ஏதென்ஸ் பையன்னா மழமழன்னு இருப்பான்னு நினைச்சேன். துக்கமா? அடடா. அம்மாவா? நாப்பது நாள் ஆச்சா? தேவன் அந்த ஆத்மாவை ஏத்துக்கட்டும். எல்லாருக்கும் உள்ளதுதான். மனசைத் தளரவிடாத.

எங்க விட்டேன்? இன்னும் ஆரம்பிக்கவே இல்ல இல்ல?

ஸ்தாதிஸ்லதான் ஆரம்பிக்கணும். நானும் அவனும் ஒரே ஊர், ஒரே வயசு. ஒரே மாசத்துல துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு மலை ஏறினோம். துருக்கி அதிகாரி பாஷாவோட ஆளுங்களுக்குக் கண்ணுல விரலை விட்டு ஆட்டினோம். மிசொலோங்கி ஊரை ஒரு வருஷம் துருக்கிக்காரன் சுத்தி வளைச்சு நின்னானே, அப்ப உள்ள இருந்தவங்க நாங்க. கழுதையத் தின்னோம், எலியத் தின்னோம், கடற்பாசியை வேக வச்சுத் தின்னு வயித்தால போச்சு. கடைசியில எல்லாரும் வாளை உருவிக்கிட்டு வெளிய பாஞ்சோம் பாரு, அப்ப என் தொடையில குண்டு. விழுந்துட்டேன். என்னைப் போட்டுட்டுப் போடான்னேன். அவன் கேக்கல. முதுகுல தூக்கிக்கிட்டு ஓடினான். விடிஞ்சு மலைமேல இறக்கி வச்சுட்டு என்ன சொன்னான் தெரியுமா? “லாம்ப்ரோஸ், ஒரு வருஷமா எலியத் தின்னே எப்படிடா இந்தக் கனம் கனக்கிற?”ன்னான். சிரிச்சான். அவன் சிரிப்பு அப்படித்தான், பத்து வீட்டுக்குக் கேக்கும்.

அதை எழுத வேணாம். கேப்டன் லாம்ப்ரோஸுக்குத் தொடையில குண்டுன்னு மட்டும் எழுது.

சண்டை முடிஞ்சுது. அவனுக்குப் பையன் பொறந்தான். நான்தான் ஞானத்தகப்பன். தொட்டியில முக்கி எடுத்தது இந்தக் கை. என் செத்துப்போன அப்பா பேரைத்தான் வச்சேன், தீமியோஸ்னு. அதுக்கப்புறம் நானும் ஸ்தாதிஸும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கறதில்ல. ‘கும்பாரோ’ன்னுதான் கூப்பிட்டுக்குவோம். பிள்ளையைப் பெத்தவனுக்கும் அதுக்கு ஞானஸ்நானம் குடுத்தவனுக்கும் உள்ள உறவு அது. ரத்த உறவைவிட ஒரு படி மேல. ஞானத்தகப்பன் வருஷா வருஷம் ஈஸ்டருக்குப் பிள்ளைக்கு மெழுகுத்திரியும் புதுச் செருப்பும் வாங்கிக் குடுக்கணும். நான் ஒரு வருஷம்கூடத் தவறினதில்ல. இதை எழுதிக்க. தவறினதே இல்ல.

அப்புறம் ராஜா வந்தார். கப்பல்ல, பவேரியாங்கிற ஜெர்மன் சீமையிலேர்ந்து. சின்னப் பையன், மீசைகூட முளைக்கல. கூடவே மூவாயிரம் சிப்பாய். மலையில சண்டை போட்டவங்களெல்லாம் கலைஞ்சு போங்க, உங்க படை இனி வேணாம்னு உத்தரவு. வேலை வேணும்னா எங்க உடுப்பைப் போடு. மடிப்பு மடிப்பா வெள்ளைப் பாவாடை கட்டிச் சண்டை போட்ட ஆளுங்களைப் பாத்து, காலோட ஒட்டின கால்சட்டை போடுங்கிறான். கழுத்து வரைக்கும் பித்தான். நிறைய பேர் காறித் துப்பிட்டு மலைக்கே திரும்பிட்டாங்க. நான் போட்டுக்கிட்டேன். ஏன் போடக் கூடாது? சோத்துக்கு என்ன பண்றது? நாடுன்னு ஒண்ணு வந்தா உடுப்புன்னு ஒண்ணு வரத்தானே செய்யும்?

முதல் நாள் சந்தையில அணிவகுப்பு. ஊரே நிக்குது. கீழே உட்காருன்னு கட்டளை. பழக்கதோஷம், சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். டர்ருன்னு கால்சட்டை பின்னால கிழிஞ்சுது. கூட்டத்துல ஸ்தாதிஸ் நின்னுக்கிட்டிருந்தான். சிரிச்சான் பாரு. அவன் சிரிச்சதும் சந்தை மொத்தமும் சிரிச்சுது. மீன் விக்கிற கிழவி சிரிச்சா. பவேரியாக்கார மேஜர் சிரிச்சான்.

நான் அதுக்காகப் பண்ணல. இதைத் தெளிவா எழுதிக்க. என்ன நடந்ததோ அது அந்தச் சிரிப்புக்காக இல்ல. சிரிப்பை நான் அப்பவே மறந்துட்டேன்.

அட, அந்தக் கைத்துப்பாக்கியை ஏன் சுவத்துலேர்ந்து எடுத்த? நல்ல வேலைப்பாடுதான், வெள்ளிப் பிடி. ஒரு அல்பேனியக்காரன் இடுப்புலேர்ந்து பிடுங்கினது. பாத்து, மருந்து கெட்டிச்சு வச்சிருக்கேன். சரி, மேஜை மேலயே வை. உன் பக்கமே இருக்கட்டும், எனக்கென்ன.

என்ன கேட்ட? கேப்டன் பதவி எப்படி வந்துச்சா? அதுக்குத்தானே வரேன்.

ஸ்தாதிஸ் பன்னெண்டு ஆளோட மலையில இருந்தான். ஆடு திருடுவான். எல்லை தாண்டிப் போவான், வருவான். யாரையும் கொன்னதா எனக்குத் தெரியாது, ஆனா ஆயுதத்தைக் கீழ போட மாட்டேன்னுட்டான். சட்டப்படி குத்தம். மேஜர் என்னைக் கூப்பிட்டு, “உனக்குத்தான் அவனைத் தெரியும். ஒரு வாரத்துல அவன் எனக்கு வேணும். இல்லேன்னா தோள்ல இருக்கிற பட்டையைக் கழட்டி வச்சுட்டுப் போ”ன்னான். நான் என்ன பண்ணுவேன்? நீயா இருந்தா என்ன பண்ணுவ? உத்தரவு தம்பி. உடுப்பைப் போட்டவனுக்கு உத்தரவுதான் வேதம்.

துப்பாக்கியால அவனைப் பிடிக்க முடியாது. அந்த மலை அவன் உள்ளங்கை. இருபது பேர் சாவாங்க. நான் யோசிச்சேன். ஒரு சொட்டு ரத்தம் சிந்தாம முடிச்சேன். அதுக்குத்தான் பதவி.

எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ரெண்டு பேருக்குள்ள பகைன்னா, ஒரு ரொட்டியில உப்பைத் தூவி ரெண்டாப் பிய்ப்போம். ஒரு பாதியை எதிராளிக்கு அனுப்பணும். அவன் அதைத் தின்னணும், நம்ம பாதியை நாம தின்னணும். ரெண்டு பாதியும் ரெண்டு வயித்துக்குள்ள போயிட்டா அது ஒரே ரொட்டி, ரெண்டு பேரும் ஒரே வீடு. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் ஒருத்தன் மேல ஒருத்தன் கை வைக்கக் கூடாது. எழுத்து வேணாம், சாட்சி வேணாம். அந்த ரொட்டிதான் சத்தியம்.

என் பெண்டாட்டி கலியோதான் சுட்டுக் குடுத்தா. கும்பாரோவோட சமாதானம் ஆகப் போறேன்னு அவளுக்குச் சந்தோஷம் தாங்கல. பிய்ச்சேன். பாதியை ஊர்க் கோயில் சாமியார்கிட்ட குடுத்து மலைக்கு அனுப்பினேன். ஈஸ்டருக்கு முதல் நாள் களத்துமேட்டுக்கு வா, ராஜாவோட மன்னிப்பு வாங்கித் தரேன், பிள்ளையையும் கூட்டிட்டு வா, மெழுகுத்திரியும் செருப்பும் வாங்கி வச்சிருக்கேன்னு சொல்லி அனுப்பினேன்.

இப்பக் கேளு, இதுதான் விஷயம். அனுப்பினேனே தவிர, என் பாதியை நான் தின்னல.

புரியுதா? தொடவே இல்ல! ஜன்னல்லயே கிடந்துது. ஒரு பாதிதான் வயித்துக்குள்ள போச்சு. அப்ப சத்தியம் ஏது? நான் எந்தச் சத்தியத்தையும் மீறல. எந்த நியாயஸ்தனும் என் மேல, நாக்கு மேல பல்லைப் போட்டு ஒரு வார்த்தை சொல்ல முடியாது. மேஜருக்கு இதை விளக்கினப்ப அவன் என் முதுகுல தட்டி, “நீ வக்கீலாப் போயிருக்கணும்”ன்னான்.

வந்தான். ஆயுதம் இல்லாம வந்தான். தோள் மேல பையன். அஞ்சு வயசு. அப்பன் தலைமுடியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்துது. நான் களத்து நடுவுல நின்னேன், வைக்கோல் போருக்குப் பின்னால நாப்பது சிப்பாய். “கும்பாரோ!”ன்னு தூரத்துலயே கத்திக்கிட்டு வந்தான். பிள்ளையை இறக்கினான். நான் மெழுகுத்திரியைக் குடுத்தேன். செருப்பைக் குடுத்தேன். சிவப்புச் செருப்பு, முனையில குஞ்சம் வச்சது, லாமியாவுல சொல்லிச் செஞ்சது. அதுக்கப்புறம்தான் கையைத் தூக்கிச் சைகை காட்டினேன். இதை எழுதிக்க தம்பி. முதல்ல என் கடமையைச் செஞ்சேன். ஞானத்தகப்பன் கடமை. அதுக்கப்புறம்தான் உத்தியோகம்.

நாலு பேர் அவன் மேல உட்கார்ந்து கட்டினாங்க. அவன் திமிறல. என்னை நிமிந்து பாத்து, “கும்பாரோ, ரொட்டி?”ன்னு மட்டும் கேட்டான். நான் சொன்னேன், என் பாதியை நான் தின்னலடான்னு. அப்புறம் சிரிச்சான். களத்துமேடே அதிர்ந்துது. கைதாகிக் கிடக்கிறவன் சிரிக்கிற சிரிப்பா அது? அப்பவும் என்னைப் பாத்துத்தான் சிரிச்சான்.

ஈஸ்டர் முடிஞ்ச மூணாம் நாள், லாமியாவுல அந்தக் கத்தி யந்திரத்துல வச்சுத் தலையை எடுத்தாங்க. அதுவும் பவேரியாக்காரன் கூடவே வந்ததுதான். மன்னிப்பா? கேட்டேன். கேட்டேன்னு நினைக்கிறேன். மேஜர்கிட்ட வாயெடுத்தேன், அவன் வேற பேச்சுக்குப் போயிட்டான். நான் பாக்கப் போகல. எனக்கு இளகின மனசு.

கலியோவா? அவ அன்னைக்கு அந்தப் பாதி ரொட்டியை ஜன்னல்லேர்ந்து எடுத்தா. என்னைப் பாத்தா, ரொட்டியைப் பாத்தா. கொல்லையில கொண்டுபோய்ப் புதைச்சா. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் பதினோரு வருஷம் இந்த வீட்டு அடுப்புல ரொட்டி சுடல. ஒரு வார்த்தை திட்டல, ஒரு வார்த்தை கேக்கல. எனக்குக் கடை ரொட்டிதான். பொம்பளைங்களுக்கு ராஜாங்கம் என்ன புரியும்?

குளிருதா உனக்கு? எனக்குத்தான் குளிருதா? வயசாச்சு.

அந்தப் பையனா? அந்தப் பையனைப் பத்தி ஏன் கேக்குற? அவனை என்ன செய்யறது, அவன் அம்மா அஸிமோகிட்ட ஒப்படைச்சோம். அன்னைக்கு அவன் அழல, கத்தல. செருப்பை ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னான். அந்தக் கண்ணு மட்டும் அப்பப்ப ஞாபகத்துக்கு வரும். ஒரு வாரத்துல அவ அவனைத் தூக்கிக்கிட்டு எல்லை தாண்டிட்டா.

ஆட்டுக்காரன் சொன்னப்ப பயந்தேன்னு சொன்னேனில்ல? அப்புறம் யோசிச்சுப் பாத்தேன், பயம் போயிட்டுது. ஏன்னு கேளு. ஒண்ணு, அஸிமோ. ஞானத்தகப்பனைக் கொல்றது பெத்த தகப்பனைக் கொல்ற பாவம், நான் உசுரோட இருக்கிற வரைக்கும் நீ அதுல இறங்கக் கூடாதுன்னு மகன்கிட்ட சிலுவை மேல கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருக்காளாம். நல்ல பொம்பளை. நூறு வயசு வாழட்டும். ரெண்டாவது அதைவிடப் பெருசு. சாமியார் பின்னால எங்கிட்ட சொன்னார். மலையில ஸ்தாதிஸ் என் ரொட்டியைத் தின்னப்ப, மடியில இருந்த பிள்ளை வாயிலயும் ஒரு துண்டு ஊட்டினானாம். “உன் ஞானத்தகப்பன் ரொட்டிடா, தின்னு”ன்னானாம். அப்ப அவன் என் ரொட்டியும் உப்பும் தின்னவன். என் மேல எப்படிக் கை வைப்பான்? நான் நிம்மதியாத் தூங்குறேன்னா அந்த ஒரு துண்டாலதான்.

என்ன? திருப்பிச் சொல்லு. காது மந்தம்.

நான் என் பாதியைத் தின்னாததனால அது சத்தியம் இல்லேன்னா, அந்தப் பிள்ளை தின்னதும் வெறும் ரொட்டிதானேங்கிறியா? ஆமா, வெறும் ரொட்டிதான், மாவும் தண்ணியும், அதைத்தானே நான் மேஜர்கிட்ட...

இரு.

இல்ல இல்ல, அது வேற, இது வேற. அவன் குழந்தை. குழந்தை தின்னா அது... நீ என்ன வக்கீல் மாதிரி மடக்குற? எழுதற வேலையைப் பாரு. எங்க, அந்த நோட்டைக் காட்டு. எவ்வளவு எழுதியிருக்கன்னு பாப்போம்.

ஒண்ணுமே இல்லியே. ஒரு எழுத்துகூட இல்லியே தம்பி. பேனா மைகூடத் தொடலியே. இவ்வளவு நேரம் நான் வாய் வலிக்கப் பேசினேனே.

பையிலேர்ந்து என்ன எடுக்கிற? துணியில என்ன அது?

ஐயோ. இவ்வளவு சின்னதாவா இருந்துது? குஞ்சம்கூட அப்படியே இருக்கு. அடி தேயவே இல்லியே. போடவே இல்லியா? ஒரு தடவைகூடவா போடல?

அப்ப நாப்பது நாளைக்கு முன்னால செத்தது அஸிமோ.

தீமியோஸ். எங்கப்பா பேருடா அது. இந்தக் கையாலதான் உன்னைத் தண்ணியில முக்கினேன். அழுதே, என் சட்டையில மூத்திரம் பெஞ்சே, உங்கப்பன் சிரிச்சான். நல்ல சிரிப்பு. நான் அந்தச் சிரிப்பைத் தப்பாச் சொல்லிட்டேன், நல்ல மனுஷன் சிரிப்பு அது. என்னைத் தூக்கிக்கிட்டு ஓடினான், அதை எழுது, வேணாம்னு சொன்னேனே, அதை எழுது. ஸபீரோ! ஸபீரோ! யாராவது... இல்ல, கத்தல, கத்தல மகனே. நீ அசையாத. அந்தத் துப்பாக்கியை அங்கயே வை, மேஜை மேலயே இருக்கட்டும். எங்கயும் போகல நான். இந்தக் காலோட எங்க போவேன்.

பதினெட்டு வருஷமா ஒருத்தன்கிட்டயும் சொல்லல இதை. அந்தப் பாதி ரொட்டியை நான் தின்னிருக்கணும். ஜன்னல்லயே கிடந்துது. கையெட்டுற தூரம். ரெண்டு தடவை எடுத்தேன், சத்தியமாச் சொல்றேன், ரெண்டு தடவை கையில எடுத்தேன். வாய் வரைக்கும் கொண்டுபோனேன். சந்தையில எல்லாரும் சிரிச்சது ஞாபகத்துக்கு வந்துது, வச்சுட்டேன்.

இப்பத் தின்றேன். இந்தா பாரு, பிச்சுட்டேன். சரிபாதி. உப்பு, இதோ உப்பும் தொட்டாச்சு. மெல்ல முடியல, பல்லு இல்ல. இரு. அவசரப்படாத. முழுங்கிட்டேன், பாரு, வாயைத் திறக்கிறேன், பாரு, ஒண்ணும் இல்ல. இன்னொரு வாய். என் பாதி முழுக்கத் தின்னுடறேன் தீமியோஸ், ஒரு துணுக்கு விடாம தின்னுடறேன்.

இந்தா, இது உன் பாதி. தட்டுல உனக்கு முன்னால வச்சிருக்கேன். பெருசாத்தான் வச்சிருக்கேன். முழுசா வேணாம்டா, ஒரு துண்டு. நகக்கண்ணு அளவுக்கு ஒரு துண்டு.

தட்டை ஏண்டா தள்ளி வைக்கிற?